கொலம்பஸ் கவிழ்த்துவிடும்: தீம் பார்க் குமட்டலும் நாம் செய்யும் தவறுகளும்

பள்ளிக்கூடம் லீவு விட்டால் பெங்களூர்த் தமிழர் வீடுகளுக்குச் சேலத்திலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள். லால்பாக் ஒரு நாள், ஷாப்பிங் ஒரு நாள், அப்புறம் வொண்டர்லா தீம் பார்க். மைசூர் ரோட்டில் 2005-இல் அது திறந்ததிலிருந்து இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. எந்தப் பார்க்குக்குப் போனாலும் குடும்பத்தில் ஒருவர் இதைச் சொல்வார்: "ரோலர் கோஸ்டர் எல்லாம் நமக்கு ஒத்துக்காதுப்பா. நான் அந்தக் கொலம்பஸ் கப்பல்ல மட்டும் ஏறிக்கிறேன்." கொஞ்ச நேரத்தில் கப்பலிலிருந்து இறங்கி, கம்பியைப் பிடித்தபடி, வாயில் ஊறும் எச்சிலை விழுங்கிக்கொண்டு, யார் பேசினாலும் கையை மட்டும் ஆட்டுபவரும் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.

பயமும் குமட்டலும் ஒன்று என்று நினைப்பதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் அதுவே வேர். உயரமும் வேகமும் பயத்தைத் தரும். குமட்டலைத் தருவது பெரும்பாலும் ஒரே மாதிரியான ஆட்டமும் சுழற்சியும். ரோலர் கோஸ்டர் உயிரை எடுக்கும், ஆனால் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கொலம்பஸ் கப்பல் ஊஞ்சல் போல விடாமல் ஆடிக்கொண்டே இருக்கும். கடல் பயணக் குமட்டலை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய 5 விநாடி எடுக்கும் மெதுவான ஆட்டம்தான் மனித வயிற்றுக்குப் பரம விரோதி. அதைவிட வேகமாகக் குலுக்கினால் எலும்பு வலிக்குமே தவிர வாந்தி அவ்வளவாக வராது. ஊஞ்சல் கப்பல்கள் கிட்டத்தட்ட அந்த 5 விநாடிக் கணக்கில்தான் ஆடுகின்றன. பொருட்காட்சி மைதானத்தில் பார்க்கிற டோரா டோரா, பிரேக் டான்ஸ் எல்லாம் இன்னொரு வகை. அவை உங்களையும் சுழற்றும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டியையும் தனியாகச் சுழற்றும்.

காதுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால் மீதித் தவறுகள் எளிதாகப் புரிந்துவிடும். ஒவ்வொரு காதின் உட்பகுதியிலும் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். ஒரு டம்ளர் காபியைச் சட்டென்று திருப்பிப் பாருங்கள். டம்ளர் திரும்பும், காபி முதலில் அப்படியே நிற்கும். சுற்றிக்கொண்டே இருந்தால் காபியும் சேர்ந்து சுற்றும். டம்ளரை நிறுத்திய பிறகும் காபி நிற்காது. காதிலும் இதே கதைதான். சீரான வேகத்தில் சுமார் 20 விநாடி சுழன்றால், 'சுழலவில்லை' என்று காது சொல்லத் தொடங்கும். கண்ணோ உலகம் சுற்றுவதாகச் சொல்லும். ரைடு நின்றதும் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகக் காது சொல்லும். கண் இல்லை என்னும். இப்படி இரண்டு சாட்சிகளும் முரணாகச் சொல்லும்போது மூளை குழம்புகிறது, வயிறு பிரட்டுகிறது. இந்தக் காதுச் சங்கதியை ஆராய்ந்ததற்காகத்தான் மருத்துவர் ராபர்ட் பாரனிக்கு 1914-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. பரிசு அறிவிக்கப்பட்டபோது மனிதர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்.

தலையைத் திருப்புவது, கண்ணை மூடுவது

சுழலும் ரைடில் பக்கத்துப் பெட்டியில் இருக்கும் தங்கையைப் பார்த்துக் கையாட்டத் திரும்புவோம். கீழே நிற்கும் அத்தை போட்டோ எடுக்கிறாரா என்று குனிந்து பார்ப்போம். உடம்பு ஒரு திசையில் சுழலும்போது தலையை வேறு திசையில் சாய்த்தால், காதின் வேறொரு குழாயும் தூண்டப்படும். அந்த நொடியில் குப்புற விழுவது போலிருக்கும். ஆரோக்கியமான ஆளையும் சில நிமிடங்களில் வாந்தி எடுக்க வைக்கிற வித்தை இது. விமானிகளைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துத் தலையை ஆட்டச் சொல்லிப் பரிசோதிப்பதும் இதற்காகத்தான். தலையைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவரின் முகத்தையோ கைப்பிடியையோ பாருங்கள், அதாவது உங்களோடு சேர்ந்து சுழலும் ஒன்றை. சுற்றியுள்ள மரத்தையும் கட்டடத்தையும் கண் துரத்தவேண்டாம்.

ரோலர் கோஸ்டரில் இதற்கு மாறாகச் செய்யவேண்டும். பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொள்பவர்களுக்கு அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று தெரியாது, உடம்பு தயாராகாது. கார் ஓட்டுபவருக்கு வாந்தி வராமல், பின்சீட்டில் இருப்பவருக்கு மட்டும் வருவது இதனால்தான். கண்ணைத் திறந்து தண்டவாளம் போகும் வழியைப் பாருங்கள். பின்னோக்கிப் போகும் ரைடுகளில் இந்த வசதி கிடையாது. வொண்டர்லாவில் உள்ள 'ரீகாயில்' என்ற ரோலர் கோஸ்டர் போன வழியிலேயே தலைகீழாகப் பின்னோக்கித் திரும்பி வரும். குமட்டல் சுபாவம் உள்ளவர்கள் அதை முதல் ரைடாக வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. முப்பரிமாணப் படம், விஆர் கண்ணாடி போன்றவற்றில் உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும், கண் மட்டும் பறக்கும். அங்கே கண்ணை மூடினால் பிரச்சினை பெரும்பாலும் அடங்கிவிடும்.

கப்பலில் இடம் பிடிப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டு முனைகளும் அதிக உயரம் போகும், வயிறு மேலே எழும்பும் உணர்வும் அங்கேதான் அதிகம். இளவட்டங்கள் முனைக்கு ஓடட்டும், நீங்கள் நடுவில் உட்காருங்கள்.

மைசூர் ரோட்டிலேயே தொடங்கிவிடும்

ஒயிட்ஃபீல்டிலிருந்தோ ஹெப்பாளிலிருந்தோ பிடதிப் பக்கம் இருக்கும் வொண்டர்லாவுக்குப் போக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகலாம். சில்க் போர்டில் நின்று, பிரேக் போட்டு, மறுபடி நகர்ந்து, மறுபடி பிரேக். பின்சீட்டில் எல்லோரும் குனிந்து போனில் ரீல்ஸ். காரில் போனைப் பார்ப்பதும் சுழல் ரைடும் காதுக்கு ஒரே கணக்கில்தான் ஏறும். பார்க் வாசலில் இறங்கும்போதே பாதித் தலைசுற்றல் சேர்ந்திருக்கும், முதல் ரைடு மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். முடிந்தவர்கள் பர்ப்பிள் லைன் மெட்ரோவில் செல்லகட்டா வரை வந்து, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். மெட்ரோவில் இந்தப் பிரேக் தொல்லை இல்லை.

அப்புறம் சாப்பாடு. பார்க்கைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் பிடதி, பிடதி என்றால் தட்டு இட்லி. சூடான இட்லியின் மேல் உருகும் வெண்ணெயைப் பார்த்தபின் ஒன்றோடு நிறுத்துபவர்கள் அபூர்வம். இரண்டு தட்டு இட்லி, ஒரு வடை, காபி, நேராக ரைடு. கொழுப்பு வயிற்றில் அதிக நேரம் தங்கும். அந்த இட்லியை மாலை திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள், நிம்மதியாகச் சாப்பிடலாம்.

ஆனால் இதற்குப் பயந்து பட்டினியாகப் போவதும் தப்பு. "வயித்துல ஒண்ணும் இல்லன்னா வாந்தி எப்படி வரும்" என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். வெறும் வயிற்றில் அமிலம் ஊறும், வெயிலில் வரிசையில் நின்றால் மயக்கம் வரும், குமட்டல் அதனால் கூடும். ரைடுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் முன்பு இரண்டு இட்லியோ, வாழைப்பழமும் பிஸ்கட்டுமோ போதும். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று குளுகுளு என்று இருப்பதால் வெயில் உறைக்காது, தாகமும் தெரியாது. தண்ணீரை ஒரேயடியாகக் கவிழ்த்துக்கொள்ளாமல் வாய் வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள்.

வெள்ளிக்கிழமை இரவு பார்ட்டி, சனிக்கிழமை காலை பார்க் என்று திட்டம் போடும் ஐடி நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. மது காதின் உட்பகுதிக்கும் போகிறது. சுழற்சியை உணரும் சவ்வின் அடர்த்தியையும் சுற்றியுள்ள திரவத்தின் அடர்த்தியையும் வெவ்வேறு வேகத்தில் மாற்றிவிடுகிறது. குடித்துவிட்டுப் படுத்தால் கட்டில் சுற்றுவது அதனால்தான். போதை இறங்கிய பிறகும் இந்தக் கோளாறு பல மணி நேரம் நீடிக்கும். அந்த நிலையில் பிரேக் டான்ஸில் ஏறுவது துணிச்சல் ஆகாது.

மாத்திரை விஷயத்தில் நடக்கும் குளறுபடி

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடுவது முதல் குளறுபடி. குமட்டல் தொடங்கியதும் வயிறு மந்தமாகிவிடும், போட்ட மாத்திரை உள்ளே இறங்காமல் அங்கேயே கிடக்கும், அல்லது வெளியே வந்துவிடும். அவோமின் போன்ற மாத்திரைகளை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே போடவேண்டும். அதாவது வழியில் கெங்கேரியைத் தாண்டியபின் ஞாபகம் வந்தால் பெரிய பலன் இல்லை, வீட்டிலேயே போட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது குளறுபடி, வீட்டில் மிச்சம் இருக்கிற 'வாந்தி மாத்திரை' எதுவானாலும் சரி என்று எடுத்துப் போவது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது டாக்டர் எழுதிக்கொடுத்த ஒன்டான்செட்ரான் பல வீடுகளில் இருக்கும், எமிசெட் என்றால் உடனே தெரியும். அது வயிற்றுக் கோளாறுக்கும் புற்றுநோய்ச் சிகிச்சையில் வரும் வாந்திக்கும் நல்ல மருந்து. காதிலிருந்து கிளம்பும் பயணக் குமட்டலைத் தடுப்பதில் அது உதவுவதில்லை. இதற்கு வேலை செய்பவை அவோமினில் உள்ள புரோமெதசின், டைமென்ஹைட்ரினேட், சின்னரிசின் போன்ற, தூக்கம் வரவைக்கும் வகைகள். தூக்கம் வராத நவீன அலர்ஜி மாத்திரைகளும் இதற்குப் பயன்படாது.

மூன்றாவது, பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சின்னப் பிள்ளைக்குக் கொடுப்பது. புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு. அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொந்தரவு உள்ள பெரியவர்களும் கேட்டுவிட்டுத்தான் போடவேண்டும். மாத்திரை போட்டவர் அன்று மாலை கார் ஓட்டக்கூடாது. காலையிலேயே டிரைவர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள்.

இஞ்சி மரப்பா? சிலருக்கு ஓரளவு கேட்கிறது, கெடுதல் இல்லை, பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஊட்டி பஸ்ஸில் நம் பாட்டிமார் முகர்ந்துகொண்டே போகும் எலுமிச்சம்பழமும் அப்படித்தான். எனக்குப் பிடித்த வாசனை என்பதால் அதற்கு நான் எப்போதும் ஒரு ஓட்டுப் போடுவேன்.

"தாங்கிக்கிட்டா பழகிடும்"

பழகும் என்பது உண்மைதான், ஆனால் ஒரே நாளில் பழகாது. பழைய ஏர்போர்ட் ரோட்டில், விமானபுராவில், விமானப் படையின் வான்மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ககன்யான் வீரர்களின் தேர்வுச் சோதனைகள் நடந்த இடம். வானில் குமட்டுகிறது என்று வரும் பயிற்சி விமானிகளைச் சிறுகச் சிறுக, பல நாட்களாகச் சுழற்றிப் பழக்குகிறார்கள். அவர்களே அத்தனை நிதானமாகச் செய்வதை நாம் ஒரு டிக்கெட்டில், ஒரு மத்தியானத்தில் சாதிக்கப் பார்க்கிறோம். டிக்கெட் காசை வசூல் செய்யவேண்டும் என்கிற நம் வைராக்கியம் வேறு! குமட்டல் ஒவ்வொரு ரைடாகச் சேர்ந்துகொண்டே போகும். மூன்றாவது ரைடில் வாந்தி வந்தால் மூன்றாவதை மட்டும் குறை சொல்லக்கூடாது.

வாந்திக்கு முன்னால் உடம்பு நோட்டீஸ் அனுப்பும். காரணமில்லாத கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை, மேலுதடு வெளிறுவது. பிள்ளைகள் இதைச் சொல்லத் தெரியாமல் திடீரென்று அமைதியாகிவிடுவார்கள். காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த பையன் வரிசையில் பேசாமல் நின்றால் அவனை வரிசையிலிருந்து வெளியே கூட்டிவாருங்கள். 2 வயதிலிருந்து 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம். பெண்களுக்கு ஆண்களைவிடக் கூடுதல், மாதவிடாய் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூடும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் அப்படியே. சின்ன வயதில் எத்தனை ரைடு ஏறினாலும் அசையாதவர் நாற்பது வயதில் ஒரே சுற்றில் கவிழ்வதும் சகஜம், பழக்கம் விட்டுப்போயிருக்கும். ஆகவே "இதுக்கே பயப்படறியா, ஏறு ஏறு" என்று யாரையும் தள்ளாதீர்கள். கர்ப்பிணிகள், இதயம், கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் பற்றி வாசல் பலகையில் எழுதியிருப்பது குமட்டலுக்காக அல்ல, அதை அலட்சியம் செய்யவே கூடாது.

வந்துவிட்டது என்றால் என்ன செய்வது? ரைடு நின்றதும் எழுந்து ஓடாமல் சில விநாடி உட்கார்ந்திருங்கள், காதில் திரவம் அடங்கட்டும். நிழலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுங்கள், போனைத் தொடவேண்டாம். கூல்டிரிங்கை மடமடவென்று குடித்தால் அதுவும் வெளியே வரும். வாந்தி நின்றபின் தண்ணீரோ ஓஆர்எஸ்ஸோ ஒவ்வொரு வாயாக. அரை மணி நேரத்தில் தெளிந்தாலும் அடுத்துச் சுழல் ரைடு வேண்டாம். அலைக்குளமும் ஆட்டம்தான், அதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

சாதாரணமாக ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். கடுமையான தலைவலி, கழுத்து வலி, பார்வை இரண்டாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது இருந்தால் அது குமட்டல் கணக்கில் வராது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். இரண்டு நாள் கழித்தும் படுக்கையில் புரண்டு படுக்கும்போது மட்டும் அறை சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால், காதின் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறியிருக்கலாம். ஈஎன்டி டாக்டர் தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிச் செய்யும் எப்லி முறையில் அது பெரும்பாலும் ஓரிரு தடவையில் சரியாகிவிடும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கித் தலைசுற்றல் மாத்திரையை வாரக்கணக்கில் போடவேண்டியதில்லை.