பயற்றங்காய்க்கும் கத்தரிக்கும் நுண்ணுயிர் உரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய வீட்டுக்கொல்லைகளில் காய்கறி பயிரிடும் நம்மவர்கள், எந்தப் பயிருக்கு எந்த நுண்ணுயிர் என்று பார்த்து வாங்க வேண்டும். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர்முடிச்சில் நிலைநிறுத்தும் ரைசோபியம் என்ற பாக்டீரியா, பயற்றங்காய் போன்ற அவரை இனங்களுக்கே உரியது. கத்தரி, வெண்டை, மிளகாய்க்கு அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா பொருந்தும். நம் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் (பாஸ்பரஸை) பிடித்து வைத்துக்கொள்வதால், அதைக் கரைத்துத் தரும் பாஸ்போபாக்டீரியாவையும் சேர்த்துக்கொள்வது நல்லது.

பயற்றங்காய் விதையை, நன்றாக ஆறிய சோற்றுக் கஞ்சியில் குழைத்த ரைசோபியத்தில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிட வேண்டும். கஞ்சி சூடாக இருந்தால் பாக்டீரியா மடிந்துவிடும். கத்தரி நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைத்த நீரில் 20 நிமிடம் நனைத்து நடலாம். குழாய்நீரில் குளோரின் இருப்பதால் மழைநீரே மேல். இரசாயன உரத்தோடும் பூசணக்கொல்லியோடும் நுண்ணுயிர் உரத்தைக் கலக்கவே கூடாது. சாயம் பூசிய கடை விதைகளில் பூசணக்கொல்லி ஏற்கெனவே தடவப்பட்டிருக்கக்கூடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஐந்து வாரம் கழித்து ஒரு பயற்றங்காய்ச் செடியை மண்ணோடு தோண்டியெடுத்து, வேர்முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உட்புறம் இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் வேலை செய்கிறது. பச்சையாகவோ வெளிறியோ இருந்தால், மக்கிய எருவைக் கூடுதலாக இட வேண்டியிருக்கும்.