ரைவலிடம் திரும்பத் திரும்பத் தோற்பது ஏன்? போக்கிமான் ஃபயர்ரெட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் அக்கா மகன், ரிச்சி தெருவில் பழைய விலைக்கு வாங்கிய கேம்பாய் அட்வான்ஸில் போக்கிமான் ஃபயர்ரெட் ஆடி வருகிறான். சென்ற மாதம் ஆட்டத்தில் வரும் சில்ஃப் நிறுவனக் கட்டடத்தின் 7-ஆவது மாடியில் ரைவலிடம் (கதை நெடுகக் குறுக்கிட்டு மோதும் போட்டியாளன்) மூன்றாவது முறையாகத் தோற்றதும், "இது ஏமாத்துது மாமா" என்று சொல்லிக் கருவியை என் கையில் கொடுத்துவிட்டான். திறந்து பார்த்தேன். அவனுடைய ஆறு போக்கிமான்களில் 48-ஆவது லெவலில் ஒரு வீனசார் இருந்தது. மற்ற ஐந்தில் ஒன்றுகூட 20-ஐத் தாண்டவில்லை. ஏமாற்று எதுவும் நடக்கவில்லை என்பது அந்த ஒரு திரையிலேயே தெரிந்தது.

1996-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் போக்கிமான் விளையாட்டுகளிலும், அவற்றின் மறுவடிவமாக 2004-இல் வந்த ஃபயர்ரெட்டிலும், ரைவல் உங்களுக்குப் பிறகே தன் முதல் போக்கிமானை எடுக்கிறான். நீங்கள் புல்பசாரை எடுத்தால் சார்மாண்டரையும், சார்மாண்டரை எடுத்தால் ஸ்குவர்ட்டிலையும், ஸ்குவர்ட்டிலை எடுத்தால் புல்பசாரையும் அவன் எடுப்பான். உங்கள் ஸ்டார்ட்டருக்கு, அதாவது அந்த முதல் போக்கிமானுக்கு, எதிராக அவனுக்கு ஒரு சாதகம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் உங்களைப் பற்றி அவன் கணக்கில் எடுத்துக்கொள்வது அந்த ஒரு தேர்வை மட்டுமே. அதற்குப் பின் நீங்கள் எதைப் பிடிக்கிறீர்கள், எதை வளர்க்கிறீர்கள் என்பதற்கு ஏற்ப அவனுடைய டீம் மாறுவதில்லை. ஆகவே அவனுக்கான பதில், அவன் கணக்கில் வராத மற்ற ஐந்து இடங்களில்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் ஒன்றையே நம்பி வளர்ப்பவர், அவன் ஏற்கெனவே பதில் தயாரித்து வைத்திருக்கும் கேள்வியையே ஒவ்வொரு முறையும் அவனிடம் கேட்கிறார்.

புல்பசார் வளர்ந்து ஆன பையனின் வீனசாரையே எடுத்துக்கொள்வோம். அது புல்லும் நஞ்சும் சேர்ந்த வகை என்பதால் நெருப்பு, பறவை, சைக்கிக், பனி ஆகிய நான்கு வகைத் தாக்குதல்களுக்கும் அஞ்ச வேண்டும். சில்ஃப் கட்டடத்தில் ரைவல் கொண்டுவரும் ஐந்தில் பிஜியட், அலகசாம், சார்மாண்டர் வளர்ந்து ஆன சாரிசார்ட் ஆகிய மூன்றும் முறையே பறவை, சைக்கிக், நெருப்பு என்ற வரிசையில் அதன் எதிரே நிற்கின்றன. சாதகமான வகைத் தாக்குதல் இரண்டு மடங்கு சேதம் விளைவிக்கும். தாக்கும் போக்கிமானும் அதே வகையாக இருந்தால் அதன் மேல் ஒன்றரை மடங்கு கூடும். அவனுடைய 40-ஆவது லெவல் சாரிசார்டைவிட எட்டு லெவல் கூடுதலாக வைத்திருப்பது இந்த மூன்று மடங்குக் கணக்கை ஈடுசெய்யாது. தோற்றவுடன் புல்வெளிக்குத் திரும்பிப்போய் அதே வீனசாருக்கு இன்னும் ஐந்து லெவல் ஏற்றுவதுதான் பலரும் செய்வது. அந்த நேரத்தில் பாதியைச் செலவிட்டு ஒரு மின்சார வகையையும் ஒரு நீர் வகையையும் 35-ஆவது லெவல் வரை கொண்டுவந்திருந்தால் அந்த மாடியை எளிதாகத் தாண்டியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறான தவறு, பேராசிரியர் ஓக்கின் ஆய்வுக்கூடத்தில் நடக்கும் முதல் சண்டையிலேயே வகை சாதகத்தை எண்ணிப் பயப்படுவது. அங்கே இரு தரப்பும் 5-ஆவது லெவல். நெருப்பையோ நீரையோ வீசும் மூவ் (சண்டையில் போக்கிமான் செய்யும் செயல்) எதுவும் இருவரிடமும் இன்னும் இல்லை. எதிரியின் பலத்தைக் குறைக்கும் மூவ்களில் சுற்றுகளை வீணாக்காமல் நேரடியாக அடித்தாலே பெரும்பாலும் போதும். வீட்டு மாடியில் உள்ள கணினியில் ஒரு போஷன் (குணப்படுத்தும் மருந்து) காத்திருக்கிறது. அதை எடுக்காமலே கிளம்புபவர்கள் ஏராளம். தோற்றாலும் கதை நிற்காது என்பதால் இதற்கு மேல் இந்தச் சண்டையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உண்மையில் ஆட்டத்தைக் கெடுப்பது அலகசாம்தான். செருலியன் நகரின் பாலத்தருகே அது ஆப்ரா என்ற ஆரம்ப வடிவில் வரும்போது, சண்டையிலிருந்து தப்பும் டெலிபோர்ட் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது; பயிற்சியாளர்களின் சண்டையில் அந்த மூவ் பலிப்பதும் இல்லை. எனவே அது வெறுமனே நிற்க, நாம் அடித்துவிட்டுப் போகிறோம், இது ஒரு பொருட்டே அல்ல என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிடுகிறது. அடுத்து எஸ்.எஸ். ஆன் கப்பலில் அது கடாப்ராவாகவும், சில்ஃப் கட்டடத்தில் அலகசாமாகவும் நிற்கும்போது கதை வேறு. அதன் வேகத்தின் அடிப்படை மதிப்பு 120, சிறப்புத் தாக்குதல் 135. அநேகமாக அதுவே முதலில் அடிக்கும், அடி பலமாகவும் விழும். ஆனால் உடல்வழித் தாக்குதலைத் தாங்கும் தற்காப்பு அதற்கு வெறும் 45.

இங்கேதான் ஃபயர்ரெட்டுக்கே உரிய ஒரு நுட்பத்தைப் பலர் கவனிப்பதில்லை. 2006-இல் டைமண்ட், பேர்ல் என்ற போக்கிமான் விளையாட்டுகள் வரும்வரை, ஒரு மூவ் உடல்வழித் தாக்குதலா சிறப்புத் தாக்குதலா என்பதை அதன் வகையே தீர்மானித்தது. இருள், நெருப்பு, நீர், மின்சாரம், பனி முதலியவை சிறப்புத் தாக்குதல்கள். ஆவி, பாறை, சாதாரணம் முதலியவை உடல்வழித் தாக்குதல்கள். பிற்கால விளையாட்டுகளில் பழகியவர், அலகசாமுக்கு இருள் வகை ஆகாது என்ற சரியான அறிவோடு வந்து கியாரடோஸைக் கொண்டு பைட் (கடி) என்ற இருள் வகை மூவை அடிக்கச் சொல்வார். ஃபயர்ரெட்டில் அந்தக் கடி கியாரடோஸின் மெலிந்த சிறப்புத் தாக்குதலிலிருந்து புறப்பட்டு, அலகசாமின் 85 என்ற சிறப்புத் தற்காப்பில் போய் முட்டி மழுங்கிவிடும். மாறாக, போக்கி புல்லாங்குழலால் எழுப்பிப் பிடிக்கும் ஸ்னோர்லாக்ஸுக்கு, செலடான் விளையாட்டுக் கூடத்தில் 4,500 நாணயங்களுக்குக் கிடைக்கும் ஷேடோ பால் என்ற மூவைக் கற்றுக்கொடுத்தால், ஆவி வகை உடல்வழித் தாக்குதலாகி அந்த 45-இன் மேல் இரட்டிப்பாக விழும். ஸ்னோர்லாக்ஸ் அலகசாமின் அடிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கவும் வல்லது. எனக்குத் தெரிந்து ரைவலுக்கு எதிராக இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை.

தயாராகாமல் போய்ச் சிக்கிக்கொள்வதும் ஒரு தவறே. ரைவல் திடீரென்று வருவதாகத் தோன்றினாலும், அவன் நிற்கும் இடங்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அவையேதான்: பாலத்தருகே, கப்பல் தலைவரின் அறைக்கு முன், லாவண்டர் கோபுரத்தில், சில்ஃப் 7-ஆவது மாடியில், கடைசியாக 22-ஆவது சாலையில். கோபுரத்தில் 25-ஆவது லெவலில் இருந்த அவனுடைய ஸ்டார்ட்டர் சில்ஃபில் 40-இல் நிற்கிறது. இடையில் எத்தனையோ ஊர்களைச் சுற்றும் நமக்கு அந்தப் பதினைந்து லெவல் தாவல் உறைப்பதில்லை. அதே சில்ஃப் கட்டடத்தின் 9-ஆவது மாடியில் ஒரு பெண்மணி உங்கள் போக்கிமான்களை இலவசமாகக் குணப்படுத்துவார் என்பதால், முதலில் அங்கே போய் வந்து, சேவ் செய்துவிட்டு 7-ஆவது மாடியில் காலெடுத்து வைப்பதே முறை. வென்றபின் அதே மாடியில் ஓர் ஊழியர் லாப்ராஸ் ஒன்றைப் பரிசாகத் தருவார். அதைப் பெட்டியில் (டீமில் இல்லாத போக்கிமான்களைச் சேமிக்கும் இடம்) போட்டு மறந்துவிடுவது, என்னைக் கேட்டால், மன்னிக்க முடியாத குற்றம்.

ஏனெனில் கடைசிச் சண்டையில் லாப்ராஸின் ஐஸ் பீம் என்ற பனி வகை மூவ் மிகவும் தேவைப்படும். ஆட்டத்தின் இறுதிக் கட்டமான போக்கிமான் லீக்கில் லோரலை, புரூனோ, அகதா, லான்ஸ் ஆகிய நால்வரையும் வென்றபின் சாம்பியனாக நிற்பவன் ரைவலே. நடுவில் போக்கிமான் மையத்துக்குத் திரும்ப வழியில்லை. ஐந்து சண்டைகளிலுமாக 26 போக்கிமான்களைச் சந்திக்க வேண்டும். தோற்றால் மறுபடியும் லோரலையிலிருந்து தொடங்க வேண்டும். பத்தே முறை பயன்படுத்தக்கூடிய ஐஸ் பீமை முன் அறைகளிலேயே தீர்த்துவிட்டு வருபவருக்கு, பனிக்கு அஞ்சும் பிஜியட்டும் ரைடானும் எதிரே நிற்கும்போது அடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. மயங்கியதை எழுப்பும் ரிவைவ் 1,500, முழுதும் குணப்படுத்தும் ஃபுல் ரெஸ்டோர் 3,000 என்று கணக்குப் பார்த்துக் கடைவாசலில் கஞ்சத்தனம் செய்வதும் பொருளற்றது; சேர்த்த பணத்தைச் செலவிட அதைவிடப் பெரிய இடம் பின்னால் வரப்போவதில்லை. நால்வரையும் முடித்தபின் அவசரமாக அடுத்த கதவைத் தாண்டாமல், பட்டியலைத் திறந்து எல்லாவற்றையும் குணப்படுத்தி, பிஜியட்டுக்கு எதிராக மின்சாரத்தையோ பனியையோ முதலிடத்தில் வைத்துவிட்டு நடக்க வேண்டும். அவன் எப்போதும் பிஜியட்டைத்தான் முதலில் அனுப்புவான்.

சண்டை முறையை ஷிஃப்ட் என்ற அமைப்பிலேயே விட்டிருந்தால், ஒன்றை வீழ்த்தியதும் அடுத்து அவன் எதை அனுப்பப் போகிறான் என்பதைச் சொல்லி, நீங்கள் மாற்ற விரும்புகிறீர்களா என்று விளையாட்டே கேட்கும். அதைப் படிக்காமல் பொத்தானைத் தட்டிக்கொண்டே போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ரைடான் வருகிறது என்று தெரிந்தால் நீரோ புல்லோ இறங்கட்டும். அதற்கு இரண்டுமே நான்கு மடங்கு. கியாரடோஸ் என்றால் மின்சாரம் நான்கு மடங்கு. 63-ஆவது லெவல் சாரிசார்டுக்குப் பாறை நான்கு மடங்கு. முதல் ஜிம்மிலேயே அதன் தலைவர் ப்ராக் பரிசாகத் தந்த ராக் டூம் என்ற பாறை வகை மூவ் அதற்குத்தான் என்பதைப் பலர் கடைசி வரை உணர்வதில்லை.

எல்லாப் போக்கிமான் விளையாட்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2016-இல் வந்த சன், மூன் விளையாட்டுகளின் ஹாவும், 2019-இல் வந்த ஸ்வோர்ட், ஷீல்டின் ஹாப்பும் உங்கள் ஸ்டார்ட்டருக்குப் பணிந்துபோகும் ஒன்றையே எடுக்கிறார்கள். அவர்களுக்காக ஸ்னோர்லாக்ஸைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அக்கா மகன் வீனசாரைப் பெட்டியில் போட மறுத்துவிட்டான், நானும் வற்புறுத்தவில்லை. ஸ்னோர்லாக்ஸையும் ஒரு பிகாச்சுவையும் வளர்த்து எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் 7-ஆவது மாடிக்குப் போனான். வீனசாரைக் களத்தில் இறக்காமலே வென்றுவிட்டான். இப்போது அதற்குக் கோபமாக இருக்குமா என்று என்னைக் கேட்கிறான்.