பழைய மசில் காருக்குப் புதிய சேசிஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

1964ஆம் ஆண்டில் போன்டியாக் நிறுவனம், தன் பெரிய கார்களில் பொருத்திவந்த 389 கன அங்குல இன்ஜினை நடுத்தர அளவுள்ள டெம்பெஸ்ட் காருக்குள் இறக்கி, ஜிடிஓ என்று பெயரிட்டு விற்றது. அமெரிக்க மசில் கார்களின் காலம் அதிலிருந்து தொடங்கியதாகவே பெரும்பாலோர் கணக்கு வைக்கிறார்கள். அடுத்து வந்த ஷெவல், கமாரோ, சார்ஜர் எல்லாம் அதே எண்ணத்தில் பிறந்தவை: இன்ஜினில் தாராளம், சேசிஸில் சிக்கனம். பச்சை விளக்கு எரிந்ததும் நேராகப் பாய்வதற்கு அது போதுமானதாக இருந்தது. வளைவில் திருப்பும்போதும் வேகத்தில் பிரேக்கை மிதிக்கும்போதும்தான் சேசிஸ் என்னும் வண்டியின் எலும்புக்கூடு முறுக்கிக்கொள்வது தெரியும்.

இன்று அதே உடலுக்குள் 500 குதிரைத்திறன் தரும் இன்ஜினை வைத்து, அகலமான ரேடியல் டயர்களை மாட்டுகிறார்கள். பழைய சேசிஸ் அதற்கு ஈடுகொடுக்காது. புதிதாகக் கட்ட வேண்டியிருக்கிறது. அந்த வேலையில் நல்ல கைத்திறன் உள்ளவர்களே சறுக்குவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வெல்டிங் கண்ணைப் பறிக்கும், பெயின்ட் மின்னும், வண்டி மட்டும் திருப்பிய பக்கம் போகாது. பெரும்பாலும் தவறு வெல்டிங் டார்ச்சைக் கையில் எடுப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும்.

இரும்பிலிருந்து தொடங்குவது

முதலில் பெட்டிக் குழாய்களை வாங்கி நீளமான இரு பக்கத் தண்டுகளைச் செய்துவிட்டு, பிறகு சஸ்பென்ஷனை எங்கே மாட்டலாம் என்று இடம் தேடுபவர்கள் அதிகம். வேலை நடக்க வேண்டிய வரிசை இதற்கு நேர்மாறானது. தரையைத் தொடுவது டயர். ஆகவே கணக்கும் டயரிலிருந்தே தொடங்க வேண்டும். எந்த டயர் என்று முடிவானால் சக்கரத்தின் மையம் எந்த உயரத்தில் நிற்கும் என்பது தெரியும். பிறகு வண்டி நிற்க வேண்டிய உயரம், அதன் பிறகு, சக்கரத்தின் பக்கத்தில் உள்ள உருண்டை மூட்டுகளான பால் ஜாயின்ட்களின் இடம், அதன் பிறகு, சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம்களின் உள்முனைகள். கடைசியில், இந்தப் புள்ளிகளையெல்லாம் இணைக்க இரும்பு எங்கே ஓட வேண்டும் என்று பார்க்க வேண்டும்.

275/35 ஆர் 18 டயரை எடுத்துக்கொள்ளுங்கள்: அகலம் 275 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 35 சதவீதம், ரிம்மின் விட்டம் 18 அங்குலம். கணக்குப்படி அதன் விட்டம் சுமார் 650 மி.மீ., ஆரம் 325 மி.மீ. ஆனால் வண்டியின் எடை இறங்கியதும் டயர் கொஞ்சம் அமுங்கும்; தரையிலிருந்து மையம் வரையிலான உயரம் 325 மி.மீட்டரைவிடக் குறைந்துவிடும். மரக்கட்டையில் 325 மி.மீ. ஆரத்துக்குப் போலிச் சக்கரம் செய்து வைத்து அளந்தவர், வண்டி ஓடத் தொடங்கிய பிறகு இன்ஜின் எண்ணெய்த் தொட்டி வேகத்தடையில் உரசுவதைக் கண்டு திகைப்பார். டயர் தயாரிப்பாளர்கள் சுமை ஏறிய ஆரத்தைத் தனியாகவே வெளியிடுகிறார்கள். அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லா மசில் காரும் ஒரே வகை அல்ல. 1964 முதல் 1972 வரையிலான ஷெவல், தனிச் சட்டத்தின்மேல் உடலை உட்காரவைத்த வண்டி. சட்டத்தைக் கழற்றிவிட்டுப் புதியதை வைக்கலாம். 1967 முதல் 1969 வரையிலான கமாரோவில் முன்பகுதிக்கு மட்டுமே தனிச் சட்டம் உண்டு. அது ரப்பர் புஷ்கள் வழியாக உடலோடு போல்ட் போடப்பட்டிருக்கும். பின்பாதியில் தரைத் தகடும் ஓரப் பெட்டிகளும்தான் சுமையைத் தாங்குகின்றன. ஷெவலில் செய்த பழக்கத்தில் கமாரோவின் தரைத் தகட்டை அறுத்தெடுப்பவர், தாங்கும் தூணையே அறுக்கிறார். அறுக்கத்தான் வேண்டும் என்றால், முதலில் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே குழாய் வைத்து வெல்டிங் செய்து உடலைக் கட்டிப்போட வேண்டும். இல்லையென்றால் வேலை முடிந்து மாட்டும்போது கதவு பொருந்தாது. மடக்குக் கூரை வண்டிகளில் இது இன்னும் மோசம். மேலே பிடித்துக்கொள்ளக் கூரையே இல்லை.

தாழ்த்தினால் போதும் என்ற நம்பிக்கை

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் சாய்வது குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். முன் சஸ்பென்ஷனில் பெரும்பாலும் எதிர்மாறாகவே நடக்கும். வண்டி இறங்கும்போது கீழ் ஆர்ம்களின் உள்முனை வெளிமுனையைவிடத் தாழ்ந்துவிடுகிறது. உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த உருளல் மையம், வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட அதிகமாக இறங்கிவிடும். இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடினால் சாய்வும் கூடும். வண்டியைத் தாழ்த்த வேண்டுமென்றால், சக்கரத்தைத் தாங்கும் துண்டான ஸ்பிண்டிலில் சக்கர அச்சு மேலே தள்ளி அமைந்த வகையைப் போட்டோ, ஆர்ம்கள் பிடிக்கும் இடங்களையே மேலே நகர்த்தியோ செய்ய வேண்டும். புதிய சேசிஸ் கட்டுவதன் பெரிய நன்மையே இதுதான். அந்த வாய்ப்பு கையில் இருக்கும்போது பழைய பிழையை நகலெடுக்கக் கூடாது.

பழைய பிழை என்பது சும்மா சொன்னதல்ல. முதல் தலைமுறைக் கமாரோவின் மேல் ஆர்ம், வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் தலையை வெளியே தள்ளும்படி அமைந்திருந்தது. அதனால் டயர் தன் ஓரத்தில் மட்டும் நிற்கும். அன்றைய ஒடுக்கமான டயர்கள் இதைப் பொறுத்துக்கொண்டன. இன்றைய அகலமான, தாழ்ந்த பக்கச்சுவர் கொண்ட டயர் பொறுக்காது. பந்தய வீரர் டிக் குல்ட்ஸ்ட்ராண்ட் மேல் ஆர்மின் உள்முனையை இடம் மாற்றி இதற்கு வழி கண்டார். அந்த மாற்றம் இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1965ஆம் ஆண்டு ஷெல்பி ஜிடி350 காரில் மஸ்டாங்கின் மேல் ஆர்ம் ஓர் அங்குலம் கீழே இறக்கப்பட்டதும் இதே நோக்கத்தில்தான். இரண்டு இடத்திலும் புது இரும்பு எதுவும் சேரவில்லை. ஓட்டை போட்ட இடம்தான் மாறியது.

ஸ்டீயரிங் விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. மஸ்டாங் இரண்டாம் தலைமுறை 1974 முதல் 1978 வரை வந்த சிறிய கார்; பல் வெட்டிய தண்டு (ராக்) இடமும் வலமும் நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும் அதன் ஸ்டீயரிங் அமைப்பைத்தான் பலரும் தங்கள் வண்டிகளுக்கு எடுத்துக்கொள்கிறார்கள். பெரிய காருக்குப் பொருந்த வேண்டுமென்று குறுக்குச் சட்டத்தை அகலப்படுத்திவிட்டு, ராக்கை மட்டும் அதே அகலத்தில் விட்டுவிட்டால், ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் உள்மூட்டு வேண்டிய இடத்தில் இருக்காது. சக்கரம் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு முறையும் டை ராட் ஒரு வளைவிலும் ஆர்ம்கள் வேறொரு வளைவிலும் நகரும். விளைவு, ஸ்டீயரிங்கைத் தொடாமலே சக்கரம் தானாகத் திரும்பும். மேடு பள்ளமுள்ள நெடுஞ்சாலையில் 120 கி.மீ. வேகத்தில் இது உயிருக்கு உலை வைக்கும்.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை முழு இறக்கத்திலிருந்து முழு ஏற்றம் வரை 12 மி.மீ. இடைவெளியில் தூக்கித் தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் சக்கரத்தின் முன்விளிம்பும் பின்விளிம்பும் எவ்வளவு நகர்கின்றன என்று குறித்துக்கொண்டால் போதும். ஒரு மதிய வேலை. தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு பொட்டுகளான டாக் வெல்டிங் மட்டும் போட்ட நிலையில் இதைச் செய்யாமல் முழு வெல்டிங்குக்குப் போகவே கூடாது என்பேன்.

கனமான இரும்பு என்றால் உறுதி என்று எண்ணுவது

50க்கு 100 மி.மீ. அளவில், 3 மி.மீ. சுவர் கொண்ட பெட்டிக் குழாய் ஒன்றை எடுத்து அதன் நீளம் முழுவதும் ஒரு கோடு போல அறுத்துவிடுங்கள். எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் முறுக்கத்தைத் தாங்கும் திறன், கணக்குப்படி, 300 மடங்குக்கு மேல் குறைந்துவிடும். மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது. பழைய ஷெவல் சட்டத்தின் பக்கத் தண்டுகள் பல இடங்களில் ஒரு பக்கம் திறந்த வடிவில்தான் இருந்தன. மடக்குக் கூரை வண்டிகளில் அவற்றை மூடிப் பெட்டியாக்கினார்கள்.

ஆகவே உறுதி வேண்டுமென்று 3 மி.மீட்டருக்குப் பதில் 5 மி.மீ. தகடு போடுவது வீண். சுவரின் கனம் இரண்டு மடங்கானால் முறுக்கத் திறனும் இரண்டு மடங்குதான் ஆகும். குழாய் சூழ்ந்திருக்கும் பரப்பு இரண்டு மடங்கானால், அதற்குத் தேவைப்படும் கூடுதல் இரும்பைக் கணக்கில் எடுத்த பிறகும், பயன் அதைவிடக் கூடும். பெரிய குழாய், மெல்லிய சுவர், எல்லாப் பக்கமும் மூடியது: இதுவே சேசிஸ்காரரின் நண்பன்.

குரோமோலி எனப்படும் 4130 எஃகைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. அது சாதாரண எஃகைவிட வலிமையானது, உண்மை. ஆனால் வலிமை வேறு, விறைப்பு வேறு. அதே அளவுக் குழாய் என்றால் இரண்டும் ஒரே அளவுதான் வளையும். வாங்கிய பிறகு சாதாரண எஃகைப்போல அலட்சியமாக வெல்டிங் செய்து தண்ணீர் ஊற்றி ஆறவைத்தால் மூட்டின் ஓரம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெறும். தெருவில் ஓடும் வண்டிக்கு நல்ல சாதாரண எஃகே போதும் என்பது என் கருத்து.

ஸ்பிரிங் தேர்விலும் இதே போன்ற கணக்குப் பிழை நடக்கிறது. ஸ்பிரிங் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் சக்கரம் 10 மி.மீ. நகரும்போது அது 6 மி.மீ. மட்டுமே அமுங்கினால் விகிதம் 0.6. சக்கரம் உணரும் விறைப்பு அதன் வர்க்கத்தைப் பொறுத்தது, அதாவது 0.36. மி.மீட்டருக்கு 90 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், சக்கரத்தில் மி.மீட்டருக்கு 32 நியூட்டனாகத்தான் வேலை செய்யும். நண்பரின் வண்டியில் நன்றாக இருந்த ஸ்பிரிங் என்று அதே எண்ணை வாங்கி மாட்டுவதில் பொருளில்லை; அவருடைய ஆர்மின் நீளம் வேறு.

வெல்டிங் மேசையில்

இரும்பு சூடாகி ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும். ஒரு பக்கத்தை முழுவதும் ஓட்டி முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் பக்கத் தண்டு வில்லாக வளையும். கனமான, மட்டமான ஜிக் மேசையில் இறுக்கிப் பிடித்து, எல்லா மூட்டுகளுக்கும் டாக் போட்டு, மூலைவிட்டங்களை அளந்து, பிறகு சிறு சிறு துண்டுகளாக இடமும் வலமும் மாற்றி மாற்றி வெல்டிங் செய்ய வேண்டும். ஆறியதும் மறுபடியும் அளக்க வேண்டும். அழகுக்காக வெல்டிங்கைத் தேய்த்து மட்டமாக்குபவர்கள், மூட்டைத் தாங்கும் இரும்பையே தேய்த்து எடுக்கிறார்கள்.

கமாரோவின் முன் சட்டத்தையும் பின்பகுதியையும் இணைக்கும் தண்டுகளை, வண்டி இருகால் லிஃப்டில் தொங்கும்போது வெல்டிங் செய்யக் கூடாது. தொங்கும்போது உடல் லேசாக வளைந்திருக்கும். அந்த வளைவு அப்படியே பூட்டப்பட்டுவிடும். சக்கரங்களின்மேல், தன் எடையைத் தானே தாங்கி நிற்கும்போது செய்ய வேண்டும்.

வெற்றுக் குழாயில் ஓட்டை போட்டு போல்ட்டை முடுக்கினால் குழாய் நசுங்கும். உள்ளே ஓர் உறைக் குழாயை வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஆர்மைப் பிடிக்கும் போல்ட்டுக்கு இரு பக்கமும் தகடு வேண்டும். மரை உள்ள பகுதி தகட்டின் ஓட்டைக்குள் சுமை தாங்கக் கூடாது.

பின் ஆக்சிலின் கோணத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். கியர்பாக்ஸின் வெளித்தண்டும், ஆக்சிலுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் பினியன் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டையும் இணைக்கும் சுழல்தண்டின் முனைகளில் வளைந்துகொடுக்கும் மூட்டுகளான இரு யுனிவர்சல் ஜாயின்ட்களிலும் கோணம் சமமாக, 1 முதல் 3 டிகிரிக்குள் இருப்பது நல்லது. சுழியமாக வைப்பதும் தவறே, ஊசித் தாங்கிகள் அசையாமல் ஒரே இடத்தில் தேய்ந்துபோகும். பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில் வேகமெடுக்கும்போது பினியனின் மூக்கு மேலே எழும் என்பதால், நிற்கும்போது அதைச் சற்றுத் தாழ்த்தி வைக்க வேண்டும்.

பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும் அவசரம் கடைசித் தவறு. இன்ஜின், கியர்பாக்ஸ், புகைக்குழாய், ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய்கள், பெட்ரோல் டேங்க், உடல் எல்லாவற்றையும் வெறும் இரும்பின்மேல் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்க்க வேண்டும். புகைக்குழாய்க்கும் ஸ்டீயரிங் தண்டுக்கும் இடையே விரல் நுழைகிறதா, சக்கரம் முழுதாகத் திரும்பியபடி மேலே ஏறினால் பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பழைய சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண்ணையும் அதற்கு முன்பே படம் எடுத்து வைத்துக்கொண்டு, சட்டம் மாறும்போது பதிவை எப்படிச் செய்வது என்று தங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை வெட்டி வேறிடத்தில் ஒட்டுவது அமெரிக்காவில் பெருங்குற்றமாகலாம். பிறகு எல்லாவற்றையும் கழற்றிப் பெயின்ட் கடைக்கு அனுப்பலாம்.