துப்பாக்கிக் குண்டின் வேகம் குறைந்தால் குழலை (பேரல்) மட்டும் திட்டாதீர்கள்

எங்கள் பாலக்கோடு பக்கம் போர்வெல் தண்ணீர் குறைந்தால் எல்லாரும் முதலில் சொல்வது, 'மோட்டார் போச்சு'. நானும் அப்படித்தான் 900 அடி ஆழத்திலிருந்து ஆள் வைத்து, கூலி கொடுத்து மோட்டாரை மேலே இழுத்தேன். அதில் ஒரு கோளாறும் இல்லை. தக்காளிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டதில் வோல்டேஜ் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். இருபது வருஷம் ராணுவத்தில் ஆர்மரராகத் துப்பாக்கி பழுது பார்த்த எனக்கே, மற்றதையெல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் பிரிக்கிற அந்தப் புத்தி வீட்டுக்கு வந்ததும் வரவில்லை.

இதை எழுதக் காரணம் என் தங்கச்சி மகன். டெக்சாஸில் வேலை. அங்கே .308 ரகத் தோட்டா போடும் ரைஃபிள் வைத்திருக்கிறான். பித்தளைக் கூட்டில் மருந்து, அதைப் பற்றவைக்கும் ப்ரைமர், குண்டு மூன்றையும் வைத்துத் தோட்டாவையும் தானே கட்டிக்கொள்கிறான். அந்த ஊரில் அது சட்டப்படி சரி. நம் ஊரில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இதைப் படித்துவிட்டு அஞ்செட்டிக் காட்டோரம் யாரும் கையை வைக்க வேண்டாம். சட்டம் இடம் கொடுக்கிற நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

ஜனவரியில் போன் செய்தான். "மாமா, பேரல் முடிஞ்சுபோச்சு. ஆகஸ்ட்ல செகண்டுக்கு 2,690 அடி வந்த தோட்டா இப்ப 2,610தான் வருது. 1,800 ரவுண்டு ஆச்சு. மருந்தைக் கொஞ்சம் கூட்டட்டுமா?"

"கூட்டின கைய ஒடிச்சிடுவேன் மாப்ள, நோட்டை எடு" என்றேன்.

பேரல் எங்கே தேய்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். குண்டு வெளியேறும் முனையில் அல்ல, தோட்டா உட்காரும் அறையான சேம்பர் முடிந்து, குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் தொடங்கும் இடத்தில். அதைத் தொண்டை என்போம். அங்கே மருந்து எரியும் வாயு எஃகு உருகும் சூட்டையும் தாண்டி நிற்கும். அழுத்தமும் சாதாரணமில்லை. கார் டயரில் 32 பவுண்டு அடிக்கிறோம், .308 சேம்பரில் அது 60,000 வரை ஏறும். சூடும் அழுத்தமும் மாறி மாறி அடித்து, ஏரி வறண்டதும் சேறு வெடிக்குமே, அதே மாதிரி எஃகின் மேல்தோல் பாளம் பாளமாக வெடிக்கும். பிறகு துணுக்காக உதிரும். வரிப்பள்ளத்தின் தொடக்கம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே ஓடும். குண்டு தாண்ட வேண்டிய வெற்றிடம் நீள்கிறது, தொடக்க அழுத்தம் இறங்குகிறது, வேகம் குறைகிறது. கூடு பெரிதாகவும் துளை சிறிதாகவும் இருந்தால் தேய்மானம் சீக்கிரம். .308 பேரல் 5,000 ரவுண்டு தாங்கும் என்பது பொதுக் கணக்கு. 6.5 கிரீட்மூர் என்ற இன்னொரு ரகத்துக்கு 2,000 முதல் 3,000. பேரல் ஆறாமல் படபடவென்று சுட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

அவனுடையது .308, 1,800 ரவுண்டு. எனக்கு அப்போதே சந்தேகம்.

முதலில் வேகம் அளக்கிற கருவியைச் சந்தேகப்படுங்கள். நிழல் பார்த்து அளக்கும் பழைய வகை க்ரோனோகிராஃப் என்றால், துப்பாக்கி முனையிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி, ஒவ்வொரு முறையும் அதே தூரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்தால் வெடிக்காற்றே குண்டு மாதிரி பதிவாகும். வெயில் சாய்ந்தாலும் எண் மாறும். ரேடார் வகையில் இந்தத் தலைவலி குறைவு. மூன்று குண்டு சுட்டுச் சராசரி சொல்லாதீர்கள். நல்ல கை கட்டிய தோட்டாக்களுக்குள்ளேயே 30, 40 அடி ஏற்ற இறக்கம் சாதாரணம். குறைந்தது பத்து சுட வேண்டும்.

அடுத்தது சூடு. ஆளுக்கு ஆள் மறப்பது இதைத்தான். எத்தனை டிகிரி இருந்தது என்று கேட்டேன். ஆகஸ்டில் 95 ஃபாரன்ஹீட், ஜனவரியில் 40. அவன் போடும் மருந்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒரு அடி அசைகிற ரகம். சூட்டுக்கு அதிகம் அசையாதபடி தயாரித்த மருந்தும் கடையில் கிடைக்கிறது, இவன் விலை பார்த்து வாங்கியிருக்கிறான். 55 டிகிரிக்கு 55 அடி, போயே போய்விட்டது. பென்னாகரத்துக்காரன் மார்கழிக் குளிரில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்ஜினைப் பிரிப்பானா?

மீதி 25 அடி. மருந்து டப்பாவின் லாட் எண்ணை, அதாவது எந்தத் தடவை தயாரித்த சரக்கு என்று காட்டும் எண்ணை, படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நினைத்தது சரி, நவம்பரில் புது டப்பா உடைத்திருக்கிறான். ஒரே கம்பெனி, ஒரே பெயர், லாட் வேறு. அப்பளத்து உளுந்து மாதிரிதான், மூட்டைக்கு மூட்டை குணம் கொஞ்சம் மாறும். ப்ரைமர், குண்டு, கூடு எது மாறினாலும் இதே கதைதான். வேறு கம்பெனிக் கூட்டின் உள்கொள்ளளவே வேறு. அதனால் நோட்டில் நான்கின் லாட்டையும் எழுதுங்கள். புது லாட் வந்தால், கையேட்டில் உள்ள தொடக்க அளவிலிருந்து மறுபடி ஏறி வாருங்கள்.

பிறகு சுத்தம். செம்புப் படிவும் கரியும் இருக்கும் பேரலை அளந்து பயனில்லை. செம்புக் கரைப்பான் ஊற்றித் துணி விட்டால் நீலமாக வரும். நீலம் நிற்கும் வரை விடுங்கள். நைலான் பிரஷ் போடுங்கள், வெண்கல பிரஷ் தானே கரைந்து நீலம் காட்டி ஏமாற்றும். சேம்பர் நுனியில் கரி வளையமாக இறுகினால் வேகத்தைக் குறைக்காது, அழுத்தத்தை ஏற்றும். அது வேறு ஆபத்து.

இத்தனைக்கும் பிறகுதான் தொண்டை. சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்த்த பிறகே எந்தக் கருவியையும் உள்ளே விட வேண்டும், இதில் எனக்குப் பேச்சே கிடையாது. இதற்கென்று நீள அளவுகோல் விற்கிறார்கள். கூட்டில் ஒரு குண்டைத் தளர்வாக வைத்து, அது வரிப்பள்ளத்தை மெல்லத் தொடும் வரை தள்ளி, கூட்டின் அடியிலிருந்து குண்டின் தோள் வரை, அதாவது முனை வளைவில் வரிப்பள்ளம் தொடும் இடம் வரை, வெர்னியரில் அளப்பது. குண்டின் கூர்முனையைப் பிடித்து அளக்காதீர்கள், முனை ஒன்றுபோல் இருக்காது. அதே ஒரு குண்டைப் பெயர் எழுதி டப்பியில் போட்டு, வருஷக்கணக்கில் அதையே பயன்படுத்துங்கள். கை அழுத்தம் மாறினால் எண் மாறும், ஐந்து தரம் அளந்து நடு எண்ணை எழுதுங்கள். புதிதாக வாங்கியபோது ஒரு தரம், பிறகு 300 ரவுண்டுக்கு ஒரு தரம்.

நல்ல வேளை, அவன் முதல் நாள் எண்ணை எழுதி வைத்திருந்தான். ஆயிரத்தில் 12 பங்கு அங்குலம் நகர்ந்திருந்தது, அதாவது 0.3 மில்லிமீட்டர். அது தேய்மானம்தான், சாவு அல்ல. கேமரா விட்டுத் தொண்டைப் படமும் அனுப்பினான், பயந்துபோய். அந்தக் கேமராவில் எந்தப் பேரலும் பாழடைந்த கிணறு மாதிரித்தான் தெரியும். படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஏப்ரலில் 85 டிகிரி மதியம் ஒன்றில் சோதித்தோம். பழைய லாட்டில் கட்டியவை பத்து மீதமிருந்தன, சராசரி 2,680. புது லாட்டுத் தோட்டா 2,656. ஜனவரியில் அவன் மருந்தைக் கூட்டி 80 அடியை மீட்டிருந்தால், ஆகஸ்ட் வெயிலில் அதே தோட்டாவின் அழுத்தம் எங்கே போய் நின்றிருக்கும்? சேம்பரைப் பின்னால் பூட்டும் போல்ட் பக்கத்தில்தான் அவன் முகம் இருக்கும்.

உண்மையிலேயே தொண்டை போனால், பெரும்பாலும் வேகத்துக்கு முன்னால் குறி சிதறும். நல்ல தோட்டாவே திடீரென்று எங்கோ பறக்கும். குண்டைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் கட்டி ஓடும் தொண்டையைத் துரத்தலாம், ஆனால் மேகசினுக்குள் நுழையாத நீளத்தில் அது நின்றுவிடும். நீளம் மாறினாலும் மருந்தைத் தொடக்க அளவிலிருந்துதான் பார்க்க வேண்டும். அதற்குமேல் பின்பக்கம் கொஞ்சம் வெட்டி சேம்பரை மறுபடி கடையலாம், இல்லையென்றால் புதுப் பேரல். இரண்டும் தேர்ந்த கம்மியர் வேலை, வீட்டு மேசையில் செய்வதில்லை.

இன்னொன்றும் செய்யச் சொன்னேன். ஒரே லாட்டுக் கம்பெனித் தோட்டா இரண்டு பெட்டி வாங்கி, வெயில் படாத இடத்தில் பூட்டி வைத்து, வருஷம் ஒரு தரம் ஒரே மாதத்தில் பத்து மட்டும் சுடுவது. சொந்தமாகக் கட்டியதில் எது மாறியதென்று குழம்பும்போது அந்தப் பெட்டிதான் சாட்சி.

அவன் பேரல் இப்போது 2,300 ரவுண்டு தாண்டிவிட்டது. தொண்டை ஆயிரத்தில் 15 பங்கு அங்குலம் நகர்ந்திருக்கிறது என்று போன வாரம் அனுப்பினான். அன்றைக்கு எத்தனை டிகிரி என்று கேட்டேன். எழுத மறந்துவிட்டானாம்.