என் அனுபவம்: உப்புக் காற்றும் தொடுதிரையும்

திருகோணமலை உவர்மலையில் மச்சான் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஓடர் எடுக்கப் பெரிய தொடுதிரை ஒன்று உண்டு. கடல் பார்த்த ஜன்னலோரம். போன வாடைக்காற்று முடியும்போது வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலம் செத்துவிட்டது. “சொஃப்ட்வெயார் பிழையடா, திருப்பிப் போடு” என்றான். போட்டேன், அதேதான்.

அப்புறம் வரையும் செயலியில் விரலால் கோடு கோடாக இழுத்துப் பார்த்தேன். அறுபடும் இடம் ஓரம்தான். அடுத்த வாரம் அது இன்னும் உள்ளே வந்திருந்தது. சரி, ஈரம் ஓரத்தால் நுழைகிறது.

உள்ளே இருப்பது வெள்ளி நானோகம்பிப் படலம்: கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெள்ளிக் கம்பிகளின் வலை, விரல் தொடுவதை உணர்வது அதுதான். வெள்ளிக் காப்பு கறுத்தால் துடைத்துப் போடலாம், மேற்பரப்பு மட்டும்தானே. சில பத்து நானோமீற்றர் தடிப்புள்ள கம்பிக்கு மேற்பரப்பே முழு உடம்பு. கந்தகமும் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அறுந்தே போகும். வெயில் அதை இன்னும் விரைவாக்கும்.

அறுந்ததை ஒட்ட வழியில்லை. புதுப் படலம் போட்டு, வீட்டிலிருந்த சிலிக்கோனை ஓரத்தில் பூசினேன். வினாகிரி மணம் வந்தபோதுதான் என் மடத்தனம் உறைத்தது: காயும்போது அசற்றிக் அமிலம் விடும் சாமான் அது, வெள்ளிக்கு ஆகாது. உடனே உரித்து, ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, அமிலம் விடாத நியூட்ரல் சிலிக்கோனால் நாலு பக்கமும் அடைத்தேன். கேபிள் வெளியே வரும் இடத்துக்கு இரண்டு பூச்சு.

திரையையும் உள்சுவருக்கு மாற்றினோம், மச்சானுக்கு அரைமனம். இந்த வாடையும் போய்விட்டது. கோடு எங்கும் அறுபடவில்லை.