"சோலார் ரெடி" ட்ரெய்லர்ல பேனல் மாட்டுறது: முதல்ல ஒயரைப் பாருங்க

அமெரிக்காவுல இப்ப வர்ற டிராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி கோத்து இழுத்துட்டுப் போற சக்கர வீடு) நிறையதுல பக்கவாட்டுல "சோலார் ரெடி"ன்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டீலர்கிட்ட கேட்டா பேனலை வாங்கி பிளக் பண்ணா வேலை முடிஞ்சுதும்பாங்க. அப்படியெல்லாம் முடியாதுங்க. அந்த ஸ்டிக்கருக்குப் பின்னாடி பெரும்பாலும் இருக்கறது ரெண்டே ரெண்டு ஒயர், கூரை மேல ஒரு சின்ன மூடி, கீழ எங்கயோ ஒரு முனை, அவ்ளோதான். டெலிபோன் வர்றதுக்கு முன்னாடியே சுவத்துக்குள்ள ஒயர் விட்டு வச்ச வீடு மாதிரி. பேனல் இருக்காது, பேனல்லேர்ந்து வர்றதை பேட்டரிக்குத் தகுந்த மாதிரி கட்டுப்படுத்தற சார்ஜ் கன்ட்ரோலர் இருக்காது, சில வண்டில ஃபியூஸ் கூட இருக்காது. அதனால ஆஃபர்ல பேனல் வருதேன்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அந்த ரெண்டு ஒயர் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, எவ்ளோ தடிமன்னு கண்டுபிடிங்க. எத்தனை வாட் போடலாம், சீரிஸா (ஒரு பேனலோட பிளஸ்ஸை அடுத்ததோட மைனஸ்ல கோக்கறது) பேரலலா (பிளஸ்ஸை பிளஸ்ஸோட, மைனஸை மைனஸோட சேக்கறது), எந்த கன்ட்ரோலர், எல்லாத்தையும் முடிவு பண்ணப்போறது அந்த ஒயர்தான்.

முதல்ல ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கலாம். வண்டியோட பக்கச் சுவத்துல இருக்கற சோலார் போர்ட்டும் கூரை மேல இருக்கற போர்ட்டும் ஒண்ணு இல்ல. பக்கத்துல இருக்கறது தரைல விரிச்சு வைக்கற சூட்கேஸ் பேனலுக்கானது, அது பெரும்பாலும் நேரா பேட்டரிக்குப் போயிடும், நடுவுல கன்ட்ரோலர் எதுவும் கிடையாது, ஏன்னா அந்த சூட்கேஸ் பேனல் முதுகுலயே கன்ட்ரோலர் இருக்கும்னு கணக்கு. இதுல கன்ட்ரோலர் இல்லாத சாதா பேனலை சொருகினா பேட்டரி வோல்டேஜ் கட்டுப்பாடு இல்லாம ஏறிட்டே போகும். இன்னொண்ணு, ஸாம்ப்ங்கற சோலார் கம்பெனி பேர் போட்ட போர்ட்ல பிளஸ் மைனஸ் வழக்கமான எஸ்.ஏ.இ. கனெக்டருக்கு (ரெண்டு முனை இருக்கற தட்டையான பிளக்) நேர் எதிரா இருக்கும், வேற கம்பெனி பேனலை அதுல சொருகணும்னா போலாரிட்டி மாத்தற குட்டி அடாப்டர் ஒண்ணு வேணும். சில டாலர் சாமான்தான், ஆனா அது இல்லாம சொருகிட்டா செலவு எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது.

இப்ப கூரை ஒயர். மல்டிமீட்டர் எடுத்துக்கிட்டு மேல ஏறுங்க (ஏறுறதுக்கு முன்னாடி உங்க கூரை ஆள் நடக்கற கூரைதானான்னு மேனுவல்ல பாத்துக்குங்க, சந்தேகமா இருந்தா ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு அது மேல முட்டி போட்டு நகருங்க). மூடியைத் திறந்து ரெண்டு முனைக்கும் நடுவுல வோல்டேஜ் பாருங்க. 12, 13 வோல்ட் காட்டுச்சுன்னா அந்த ஒயர் நேரா பேட்டரிக்குப் போகுதுன்னு அர்த்தம், பேனலை அதுல அப்படியே கோக்கக் கூடாது, ஒயரை உள்ள ஒரு எடத்துல வெட்டி நடுவுல கன்ட்ரோலரை வைக்கணும். அந்த நேரத்துல அந்த முனைங்க ரெண்டும் லைவ், ஒண்ணோட ஒண்ணு உரசவிடாதீங்க. ஒண்ணுமே காட்டலைன்னா மறு முனை உள்ள எங்கயோ சும்மா சுருட்டி வச்சிருப்பாங்க: கன்ட்ரோல் பேனலுக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில, முன்னாடி இருக்கற பாஸ் த்ரூ ஸ்டோரேஜோட (ரெண்டு பக்கமும் கதவு வச்ச சாமான் அறை) சுவத்துக்குள்ள, இல்லன்னா ஏதாவது கப்போர்டுக்குள்ள. சில சமயம் டேப்ல "சோலார்"னு எழுதி ஒட்டியிருப்பாங்க, சில சமயம் எதுவுமே இருக்காது.

ஒயர் கண்டுபிடிச்சாச்சு, ஆனா இதே ஒயர்தானான்னு உறுதி பண்ணணும்ல. பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, மேல மறுபடி வோல்டேஜ் இல்லன்னு பாத்துட்டு, கீழ முனையில ரெண்டு ஒயரையும் ஒண்ணா முறுக்குங்க, மேல போய் மீட்டரை கன்டினியூட்டில (ஒயர் தொடர்ச்சியா இருக்கான்னு பாக்கற செட்டிங்) வச்சு பாருங்க, பீப் சத்தம் வந்தா அதே ஜோடிதான். அப்புறம் முறுக்கினதை மறக்காம பிரிச்சிடுங்க. கலரை மட்டும் நம்பவே நம்பாதீங்க. இந்த ஊர் ட்ரெய்லர்ல 12 வோல்ட் சைடுல நிறைய எடத்துல கருப்புதான் பிளஸ், வெள்ளைதான் மைனஸ், கார்ல பழகின கையோட கருப்பை மைனஸ்னு நெனச்சு மாட்டினா போச்சு. எது எதுன்னு மீட்டர்ல பாத்து நீங்களே சிவப்பு டேப் ஒட்டி வச்சிடுங்க.

ஒயரோட உறையிலயே கேஜ், அதாவது தடிமன் நம்பர், அச்சடிச்சிருக்கும், டார்ச் அடிச்சு பாத்தா தெரியும். நம்பர் சின்னதா இருந்தா ஒயர் தடிமன்னு அர்த்தம். 10 கேஜ் இருந்தா நல்லது, 12ன்னா கொஞ்சம் அடக்கி வாசிக்கணும். இங்கதான் கணக்கு வருது. 10 கேஜ் ஒயர்ல ஆயிரம் அடிக்கு கிட்டத்தட்ட 1 ஓம் ரெசிஸ்டன்ஸ். கூரைலேர்ந்து கன்ட்ரோலர் வரைக்கும் 25 அடின்னு வைங்க, போக வர 50 அடி, அதாவது 0.05 ஓம். 200 வாட் பேனல் ரெண்டை பேரலல்ல போட்டா சுமார் 20 வோல்ட்ல 20 ஆம்ப் ஓடும், அதுல 1 வோல்ட் ஒயர்லயே போயிடும், 400 வாட்ல 20 வாட் ஒயரை சூடாக்க மட்டும். அதே ரெண்டு பேனலை சீரிஸ்ல போட்டா 40 வோல்ட், 10 ஆம்ப், நஷ்டம் 5 வாட்தான். கம்பெனிக்காரன் போட்ட ஒயரை மாத்த முடியாது, கூரைக்குள்ள புதைஞ்சிருக்கு, அதனால ஆம்பை ஏத்தாம வோல்டேஜை ஏத்துங்க. இதுக்காகத்தான் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர், அது பேனலோட ஏறின வோல்டேஜை பேட்டரி அளவுக்கு இறக்கி அதுக்கு ஈடா ஆம்பை ஏத்திக் கொடுக்கும். விலை கம்மியா வர்ற பி.டபிள்யு.எம். கன்ட்ரோலர் பேனல் வோல்டேஜை பேட்டரி அளவுக்கு இழுத்து உக்கார வச்சிடும், சீரிஸ்ல போட்டும் பிரயோஜனம் இல்ல. காசு மிச்சம் பண்ணணும்னா வேற எங்கயாவது பண்ணுங்க, இதுல வேணாம்.

சீரிஸ்க்கு ஒரு குறையும் உண்டு, ஒரு பேனல்ல நிழல் விழுந்தா மத்ததோட விளைச்சலும் அடி வாங்கும். பேனலுக்குள்ள நிழல் பட்ட பகுதியைத் தாண்டி கரன்ட்டை விடற பைபாஸ் டயோடு இருக்கறதால முழுசா செத்துப் போகாது, ஆனா கூரை மேல இருக்கற ஏசி பொட்டியோட நிழல் சாயங்காலம் எந்தப் பக்கம் விழுதுன்னு முன்னாடியே பாத்து வச்சுக்கறது நல்லது.

கன்ட்ரோலர் வாங்கும்போது அதோட பேர்லயே ரெண்டு நம்பர் இருக்கும். உதாரணத்துக்கு விக்ட்ரான் 100/30ன்னா பேனல் சைடுல 100 வோல்ட் வரைக்கும் தாங்கும், பேட்டரிக்கு 30 ஆம்ப் வரைக்கும் தரும், 12 வோல்ட் பேட்டரின்னா 440 வாட் பேனல் வரைக்கும் சரி. 400 வாட்டுக்கு இது கச்சிதம். இந்த முதல் நம்பர்ல விளையாடாதீங்க. 200 வாட் பேனலோட ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதுலயும் கோக்காம இருக்கறப்ப காட்டுற வோல்டேஜ்) சுமார் 24, நாலையும் சீரிஸ்ல போட்டா 96 வோல்ட், 100க்குள்ளதானே இருக்குன்னு தோணும். ஆனா பேனல் குளிர்ந்தா வோல்டேஜ் ஏறும், மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்ல கிட்டத்தட்ட 1.18 மடங்கு, மினசோட்டாவுல ஜனவரி காலைல வெயில் படுற அந்த முதல் நிமிஷத்துலயே 113 வோல்ட் போய் கன்ட்ரோலரை எரிச்சிடும். நாலு பேனல்னா ரெண்டு ரெண்டா சீரிஸ், அந்த ரெண்டு ஜோடியும் பேரலல், கன்ட்ரோலரும் அதுக்குத் தகுந்த பெருசு, அதுதான் வழி.

கன்ட்ரோலரை எங்க வைக்கறது? பேட்டரிக்கு எவ்ளோ கிட்ட முடியுமோ அவ்ளோ கிட்ட. ஏன்னா கன்ட்ரோலர்லேர்ந்து பேட்டரிக்குப் போறப்ப 13 வோல்ட், 30 ஆம்ப், இந்தத் துண்டுதான் தடிமனா குட்டையா இருக்கணும், 8 கேஜாவது வேணும், 6 இருந்தா இன்னும் நிம்மதி. நிறைய வண்டில கம்பெனிக்காரன் கப்போர்டுலேர்ந்து பேட்டரிக்கு இன்னொரு 10 கேஜ் ஒயர் விட்டிருப்பான், இருக்கறதையே யூஸ் பண்ணிக்கலாமேன்னு ஆசையா இருக்கும். 15 அடி தூரம்னா அதுல 0.9 வோல்ட் விழும், கன்ட்ரோலருக்கு பேட்டரி நிறைஞ்ச மாதிரி பொய்யா தெரியும், சீக்கிரமே சார்ஜை குறைச்சிடும். பேட்டரி பக்கத்துலயே ஒரு 40 ஆம்ப் ஃபியூஸ், அதையும் 10 கேஜ் ஒயருக்கு போடக் கூடாது, அந்த ஒயர் 30 ஆம்புக்குத்தான் லாயக்கு. லெட் ஆசிட் பேட்டரியோட ஒரே பொட்டிக்குள்ள கன்ட்ரோலரை வைக்காதீங்க, அதுலேர்ந்து ஹைட்ரஜன் வரும். பேனல் சைடுல ஒரு டி.சி. பிரேக்கர் கண்டிப்பா வேணும், அதுக்கு பதிலா வீட்டுக் கரன்ட்டுக்கான (ஆல்டர்நேட்டிங் கரன்ட்) சுவிட்சைப் போட்டா ஆஃப் பண்ணும்போது பொறி அணையாம எரிஞ்சுட்டே இருக்கும்.

எவ்ளோ வாட் வேணும்னு கேட்டா, உங்க ஃபிரிட்ஜ் எது? கேஸ்ல ஓடறதுன்னா 200 வாட் போதும். புது வண்டில வர்ற 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ்னா அது மட்டும் ஒரு நாளைக்கு 50, 60 ஆம்ப் அவர் சாப்பிடும், அதுக்கு 400 வாட் நியாயம். படுக்க வச்ச 400 வாட் அரிசோனா கோடைல ஒரு நாளைக்கு ஒன்றரை யூனிட்லேர்ந்து ரெண்டு யூனிட் தரும், டிசம்பர்ல அதுல பாதிகூட எதிர்பாக்காதீங்க. நம்ம ஆளுங்க கேக்கற அடுத்த கேள்வி ரைஸ் குக்கர். இன்வெர்ட்டர் இருந்தா தாராளமா, 500 வாட் குக்கர் அரை மணி நேரம்னா கால் யூனிட். சட்னிக்கு மிக்ஸி ஓடற ரெண்டு நிமிஷமெல்லாம் கணக்குலயே வராது. 100 ஆம்ப் அவர் லித்தியம் பேட்டரில 1.28 யூனிட் இருக்கும், லெட் ஆசிட்னா எழுதியிருக்கறதுல பாதிதான் எடுக்கணும். கூரை ஏசி மட்டும் கேக்காதீங்க.

கூரை வேலைக்கு காய்ஞ்ச, வெதுவெதுப்பான நாளா பாருங்க. பேனல் அளவுக்கு அட்டை வெட்டி மேல வச்சு ஏசி, வென்ட், ஆன்டெனா நிழல், நடக்க வழி எல்லாம் பாத்த பிறகு குறி போடுங்க. டி.பி.ஓ., ஈ.பி.டி.எம். மாதிரி ரப்பர் கூரைன்னா இசட் பிராக்கெட்டுக்கு அடியில பியூட்டைல் டேப், அப்புறம் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, அது மேல டைகோர் மாதிரி செல்ஃப் லெவலிங் (தானா பரவி சமமாகுற) லேப் சீலன்ட்டை தாராளமா ஊத்தி ஸ்க்ரூ தலை, பிராக்கெட் ஓரம் எல்லாம் மூடுங்க. ஹார்டுவேர் கடை சிலிகான் இந்தக் கூரைல ஒட்டாது, ஒட்டின மாதிரி இருந்து உரியும், அதுக்கு மேல வேற எதுவும் ஒட்டவும் விடாது. வெறும் ஒட்டுற டேப்பை நம்பி பேனலை ரப்பர் கூரைல வைக்கறது ஹைவேல போற வேகத்துக்கு சரியில்ல, ஃபைபர்கிளாஸ் கூரைன்னா வி.ஹெச்.பி. டேப் (ரெண்டு பக்கமும் ரொம்ப கெட்டியா ஒட்டற டேப்) ஓகே. ஸ்க்ரூ ரொம்ப நீளம் வேண்டாம், உள்ள சீலிங் லைட் ஒயர்ல போய் குத்தும். பேனலுக்கு அடியில காத்து போக கேப் இருக்கணும், சூடானா விளைச்சல் குறையும். ஒயரை தொங்கவிடாம கிளிப் போட்டு கட்டுங்க, காத்துல ஆடினா கூரையவே அறுத்துடும்.

கனெக்‌ஷன் கொடுக்கற வரிசை முக்கியம்: முதல்ல பேட்டரியை கன்ட்ரோலர்ல கோத்து அது 12 வோல்ட் சிஸ்டம்னு தெரிஞ்சுக்கட்டும், அப்புறம்தான் பேனல். கழட்டும்போது தலைகீழ், பேனல் முதல்ல. வெயில்ல பேனல் எப்பவும் லைவ், வேலை முடியற வரைக்கும் ஒரு போர்வையைப் போட்டு மூடி வைங்க. கன்ட்ரோலரோட ஃபோன் ஆப்ல பேட்டரி வகையை மாத்துங்க, லித்தியம்னா பேட்டரி மேனுவல்ல இருக்கற எண்ணை போடுங்க, சாதாரணமா 14.2லேர்ந்து 14.6க்குள்ள இருக்கும், ஈக்வலைசேஷன் (லெட் ஆசிட் பேட்டரிக்கு அப்பப்ப வோல்டேஜை ஏத்தி சார்ஜ் பண்றது) ஆஃப்ல இருக்கணும். ஜீரோ டிகிரிக்குக் கீழ லித்தியத்தை சார்ஜ் பண்ணக் கூடாது, பேட்டரில ஹீட்டரோ கட் ஆஃபோ இருக்கான்னு பாத்துக்குங்க.

கடைசியா வண்டில இருக்கற பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச். கன்ட்ரோலர் ஒயர் அந்த சுவிட்சுக்கு பேட்டரி பக்கம் சேரணும். லோட் பக்கம் சேத்துட்டா, குளிர்காலத்துக்கு வண்டியை ஓரங்கட்டி சுவிட்சை ஆஃப் பண்ணும்போது மேல வெயில் அடிச்சுட்டே இருக்கும், பேட்டரி மட்டும் கீழ எறங்கிட்டு இருக்கும், கன்ட்ரோலரும் பேட்டரி இல்லாம வண்டி எலக்ட்ரானிக்ஸோட நேரா மாட்டிக்கும். சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு ஆப்பைப் பாருங்க, பேட்டரி சார்ஜ் ஆகுதுன்னு காட்டினா சரியா மாட்டியிருக்கீங்க.