வீட்டைக் காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது? தருமபுரி, கிருஷ்ணகிரி வாடகைக் குடித்தனக்காரர்களுக்கு

"அடுத்த மாதம் காலி செய்துவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சொன்னால், உடனே வேறு வீடு தேடி ஓடவும் வேண்டாம், சண்டைக்கு நிற்கவும் வேண்டாம். வாய்வார்த்தைக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

1. எந்தச் சட்டம் என்று பாருங்கள். பேச்சில் இன்னும் 'ரெண்ட் கண்ட்ரோல் கேஸ்' என்றாலும், 1960-ஆம் ஆண்டுச் சட்டம் போய்விட்டது. 2017-இல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. தருமபுரி, ஓசூர், பாலக்கோடு போன்ற நகர்ப்புறங்களுக்கு இதுதான். கிராம ஊராட்சியில் மாத வாடகைக்கு இருந்தால் சொத்து மாற்றுச் சட்டம்: 15 நாள் நோட்டீஸ், பிறகு சிவில் நீதிமன்றம்.

2. ஒப்பந்தத்தைத் தேடி எடுங்கள். பலர் கோட்டைவிடும் இடம் இதுதான். "பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு?" என்பார்கள். அது சார்பதிவாளர் அலுவலகத்துக்கான கணக்கு. புதிய சட்டப்படி, காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாகி எண்ணும் பெற வேண்டும். இந்த அதிகாரி துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றக் கேட்க ஒரு காரணம் ஆகிவிடும். பல வருடப் பழக்கத்தை நம்பிக் காகிதம் போடாமல் இருப்பவர்களுக்கு இது தெரிவதே இல்லை.

3. வாடகையை நிறுத்தாதீர்கள். கோபத்தில் வாடகையை நிறுத்துவது வீட்டுக்காரருக்கு நீங்களே வழக்கு எழுதித் தருவதற்குச் சமம். இரண்டு மாத பாக்கி சேர்ந்தால் அதைக் கட்டச் சொல்லி அவர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கைக்கு வந்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு முழுதாகக் கட்டிவிட்டால், உங்களை வெளியேற்ற அந்தக் காரணம் நிற்காது. பாதி கட்டிவிட்டு "மீதி சம்பளம் வந்ததும்" என்பது உதவாது.

வாங்க மறுக்கிறாரா? மணியார்டரிலோ வங்கி வழியாகவோ இரண்டு மாதம் தொடர்ந்து அனுப்புங்கள். திரும்பி வந்த மணியார்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் வாடகை அதிகாரியிடமே தொகையைச் செலுத்தலாம்.

4. கரண்ட், தண்ணீரைத் துண்டித்தால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். என்ன தகராறு இருந்தாலும் அதற்கு வீட்டுக்காரருக்கு உரிமை இல்லை.

5. சம்மன் வந்தால் போங்கள். வெளியேற்ற உத்தரவிடுவது வாடகை நீதிமன்றம்; காவல் நிலையம் அல்ல. பாக்கி, உள்வாடகை, தவறான பயன்பாடு, இடித்துக் கட்டுதல், சொந்தத் தேவை ஆகியவை சட்டம் ஏற்கும் காரணங்களில் சில. சொந்தத் தேவை உண்மையாக இருந்தால் அதை எதிர்த்து இழுத்தடிப்பது வீண் செலவு என்பது என் கருத்து. அவகாசம் கேட்டுச் சமரசம் பேசுங்கள். ஆனால் ஆஜராகாமல் இருந்தால் ஒருதலைப்பட்சமாகவே உத்தரவு வந்துவிடும்.

6. காலி செய்யும் நாளில் மின்மீட்டர் அளவைப் படம் எடுத்து, சாவி ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. நியாயமான பிடித்தம் போக மீதியை ஒரு மாதத்துக்குள் அவர் திருப்பித் தர வேண்டும்.